மடியில் வைக்காத பை

"கம்பி நீட்டினவன் சுழல் நாற்காலியை விட்டுட்டுப் போயிருக்கான் மேடம். உக்காந்து பாக்கட்டுமா?"

கேட்டவன் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. உட்கார்ந்து, காலால் தரையை உந்தி, ஒரு முழுச் சுற்று வந்து நின்றான். வாடகைக் கார் ஓட்டிய காலத்தில் அவனுக்குக் கிடைத்த பட்டப்பெயர் ஹாரன். காரை விற்றுவிட்டுத் துப்பறியும் தொழிலில் உதவியாளனாகச் சேர்ந்தபோது பெயரும் கூடவே வந்தது, சத்தமும் கூடவே வந்தது.

"சுத்தினது போதும். எழுந்து வா" என்றார் நிதானம்.

அதுவும் பட்டப்பெயர்தான். ஐம்பதைத் தாண்டிய அந்தப் பெண்மணி எங்கேயும் அவசரமாக நடந்ததில்லை, யாரிடமும் அவசரமாகப் பேசியதில்லை. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் மறந்தே போய்விட்டது.

மூன்றாவது மாடியில் இருந்த அந்த அறை நேற்று முன்தினம் வரை ஒரு விசா ஆலோசனை அலுவலகம். எந்த நாட்டுக்கும், எந்த விசாவும் என்று கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்ததைப் பாதி கிழித்திருந்தார்கள். உள்ளே குளிர்சாதனப் பெட்டி அப்படியே இருந்தது. கண்ணாடி மேஜை, பிரின்டர், தண்ணீர் எந்திரம், வரிசையாக இரும்பு நாற்காலிகள், எல்லாம் இருந்தன. டோக்கன் எண் காட்டும் சிவப்பு விளக்குகூட அணையவில்லை. விண்ணப்பதாரர்கள் நம்பிக் கொடுத்த பாஸ்போர்ட்டுகள் மட்டும் இல்லை.

அப்படிப் பாஸ்போர்ட்டைக் கொடுத்து ஏமாந்த வெல்டர் ஒருவர் வாசலருகே நின்றார்; அவருக்கு ஓரிடத்தில் கால் பாவவில்லை. ஜன்னலுக்குப் போவார், கதவுக்கு வருவார். தோளில் தொங்கிய பையை நொடிக்கொரு தரம் தொட்டுப் பார்ப்பார். பாஸ்போர்ட் அதில் இல்லை என்பது கைக்கு இன்னும் உறைக்கவில்லை.

"மேடம், நாளைக்குக் காலைல..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றார் நிதானம்.

அவருக்கு மட்டுமல்ல, அந்தக் கட்டடத்துக்கே தெரிந்துவிட்டது. முன்பு வெளிநாட்டில் கூடவே வேலை பார்த்த ஃபோர்மேன் ஒருவர் கூப்பிட்டு வெல்டருக்கு நேரடியாக வேலை கொடுத்திருந்தார். குடிபெயர்வோர் வழக்குகளைப் பார்க்கும் ஒரு பெண் வக்கீல் அந்த வேலை உத்தரவைச் சோதித்து, அசல்தான் என்று சொல்லிவிட்டார். நாளை காலை விசா மையத்தில் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். இங்கே முன்பே கொடுத்திருந்த அதை வாங்கிக்கொண்டு போக வந்தபோதுதான் இந்தக் கதவில் பூட்டு தொங்கியது. வக்கீல் உடனே நிதானத்தைக் கூப்பிட்டார்.

"தொலைஞ்சதா புகார் கொடுத்துப் புதுசு வாங்கலாம்" என்று வக்கீல் போனில் சொல்லியிருந்தார். "ஆனா வாரக்கணக்குல ஆகும். கம்பெனி நாளைக்கு மேல காத்திருக்காது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுடும். அந்த மனுஷனுக்கு இருக்கறது இந்த ஒரு வழிதான்."

நிதானம் குனிந்து தரையைப் பார்த்தார். பிளாஸ்டிக் விரிப்பில், சுவரோரமாக, நான்கு ஆழமான பள்ளங்கள்.

"இங்க என்ன இருந்துச்சு?"

சாவிக் கொத்தோடு நின்ற கட்டட மேனேஜர் சலித்துக்கொண்டார். "ஒரு சோபா மேடம். பெட்டி மாதிரி அடிப்பாகம், மேல கிழிஞ்ச ரெக்சின். ராத்திரியோட ராத்திரியா வண்டி கொண்டுவந்து அதை மட்டும் நாலு பேரைவிட்டுத் தூக்கிட்டுப் போயிருக்கான். நல்ல சாமான் எல்லாம் கிடக்கு!"

"பாட்டன் சொத்தா இருக்கும்" என்றான் ஹாரன்.

நிதானம் வெல்டர் பக்கம் திரும்பினார். "இங்க எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

இருந்தது. வெல்டர் ஒவ்வொரு முறை வந்தபோதும் மனைவிக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறார், வேலை நடக்கிறது என்று காட்ட. முதல் படத்தில் அவர் சிரித்தபடி இருந்தார். பின்னால் காத்திருப்போர் கூட்டம். அடுத்தடுத்த படங்களில் சிரிப்பு தேய்ந்துகொண்டே வந்தது.

நிதானம் அவரைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கி ஹாரனிடம் நீட்டினார்.

"இவங்க கையெல்லாம் எங்க இருக்கு?"

"பை மேல. எல்லாரும் மடியில வெச்சுக் கட்டிப் பிடிச்சிருக்காங்க. கைக்குழந்தை மாதிரி."

"எல்லாருமா?"

ஹாரன் கண்ணைச் சுருக்கினான். கிழிந்த சோபாவில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பை தரையில் கிடந்தது. கைகள் இரண்டும் சும்மா இருந்தன. அடுத்த படத்திலும் அதே பெண், அதே சோபா, தரையில் அதே பை. அதற்கடுத்ததிலும்.

"ஆணி அடிச்ச மாதிரி இருக்காங்களே. சிலை!"

"விசாவுக்கு வர்றவங்க பையைத் தரையில வைக்க மாட்டாங்க. தண்ணி குடிக்க எழுந்தாக்கூட ஒரு தடவை தொட்டுப் பாப்பாங்க. இதோ, பாஸ்போர்ட்டே இல்லாம இவர் தொட்டுட்டு நிக்கறாரு பார்."

வெல்டர் சட்டென்று பையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப அந்தம்மா விண்ணப்பிக்க வரலை. கூட்டம் காட்ட உக்கார வெச்ச ஆளு" என்றான் ஹாரன். "நான்கூட ஒரு துணிக்கடைத் திறப்புக்கு அப்படிப் போய் நின்னிருக்கேன். நிழல்ல நிக்க வெச்சாங்க, நல்ல மனுஷங்க."

"அந்தம்மாவை இங்க பாத்துப் பழக்கம் மேடம்" என்றார் வெல்டர். "பொறுமையா இருங்க தம்பி, நல்ல மனுஷங்கதான், நான் எவ்வளவு நாளா வர்றேன்னு சொல்லுவாங்க. அதை நம்பித்தான் நானும் இருந்தேன்."

நிதானம் படத்தை மேலும் பெரிதாக்கினார். தரையில் கிடந்த பையின் கைப்பிடியில் நீல நிறத்தில் ஏதோ செருகியிருந்தது. மெல்லிய வலைத் தொப்பி. காலில் வெள்ளை ரப்பர் செருப்பு.

"ரொட்டிக் கம்பெனி" என்றான் ஹாரன் உடனே. "பாக்கிங் பண்றவங்க. அந்தப் பக்கம் சவாரி போனா கார் முழுக்க வாசனை வரும், பசியும் வரும். காலை ஷிப்ட் முடியற நேரம் மேடம். கிளம்புவோமா?"

நிதானம் ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தார். நிதானமாகத்தான்.

* * *

ரொட்டிக் கம்பெனியின் இரும்புக் கதவு திறந்ததும் நீலத் தொப்பிகள் கும்பலாக வெளியே வந்தன. வெல்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"அதோ!"

சிலை நடந்து வந்தது. படத்தில் இருந்ததைவிடக் களைப்பாக. பேருந்து நிறுத்தத்தில் நின்றதும் பையைத் தரையில் வைத்தாள்.

வெல்டரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "தம்பி! ஆபீஸ் மாறினது உங்களுக்குச் சொல்லலையா? எனக்குச் சொல்லிட்டாங்களே. இன்னைக்குத்தான் திறக்கறாங்க, கட்டாயம் வரணும்னாங்க. அங்கதான் போறேன்."

வெல்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹாரன் அவர் கையைப் பிடித்து அழுத்தினான்.

"உங்களுக்கு எவ்வளவு தர்றாங்க?" என்று நிதானம் மெதுவாகக் கேட்டார்.

"யாரு? எதுக்கு?"

"அங்க வந்து உக்கார்றதுக்கு."

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரும்மா? நான்தான் அவங்களுக்குக் கட்டியிருக்கேன். எனக்கு எதுக்கு அவங்க தரணும்?"

ஹாரன் தலையைச் சொறிந்தான். நிதானத்தின் முகத்தில் சின்ன அசைவு. அவருடைய கணக்கு எங்கோ இடறியிருந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றார். "இவர் பாஸ்போர்ட்டைத் தேடித்தான் வந்திருக்கோம். அந்த ஆபீஸ்ல எல்லாரும் பையை மடியில வெச்சிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் தரையில வெக்கறீங்க?"

அவள் பையின் வாயை விரித்துக் காட்டினாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு துண்டு.

"இதுல என்ன இருக்கு, கட்டிப் பிடிச்சுக்க? பாஸ்போர்ட் அவங்ககிட்டதான் இருக்கு, முதல் நாளே வாங்கிட்டாங்க. எம்பசில இருக்காம். வேலை நடந்துட்டிருக்காம்."

பேருந்து வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"எதுக்கும்மா வாராவாரம் வர்றீங்க?"

"வந்து உக்காந்தாத்தானே நம்ம அக்கறை தெரியும்? வராதவங்க ஃபைல் கீழ போயிடும்னு சொல்லிட்டாங்க. லீவு நாளெல்லாம் அங்கதான். தங்கச்சி பிரசவத்துக்குப் போகலாம்னு விண்ணப்பம் போட்டேன். இப்ப அந்தக் குழந்தை போன்ல வந்து, பெரியம்மா, எப்ப வருவீங்கன்னு கேக்குது."

 

நிதானம் வெல்டரின் போனை வாங்கிப் படத்தை மறுபடி பார்த்தார். பிறகு, "எப்பவும் அந்தக் கிழிஞ்ச சோபாவுலதான் உக்காருவீங்களா?" என்றார்.

"அது என் இடம்" என்றாள், கொஞ்சம் பெருமையோடு. "வேற யாராவது உக்காந்தா எழுப்பி நாற்காலிக்கு அனுப்பிடுவாங்க. பழைய ஆளுன்னு எனக்கு ஒரு மரியாதை. புது ஆபீஸ்லயும் அந்த சோபா இருக்குமாம், சொன்னாங்க."

நிதானம் புது ஆபீஸின் விலாசத்தை அவளிடம் கேட்டுக்கொண்டு, தன் போனை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டார். "ஒரு போலீஸ்காரரைக் கூட்டிட்டு வர முடியுமா? விலாசம் சொல்றேன். மேல வர வேணாம், தெருவுல நில்லுங்க. எப்ப வரணும்னு உங்களுக்கே கேக்கும்."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "நீங்க வழக்கம்போலப் போய் உக்காருங்க. நான் வந்து எழுந்திருக்கச் சொன்னா எழுந்திருங்க. அது போதும். யார் உக்காரச் சொன்னாலும் உக்காராதீங்க."

"ஏன்?"

நிதானம் சொன்னார். சுருக்கமாக, ஒளிக்காமல். கேட்டுக்கொண்டிருந்தவள் பேருந்து நிறுத்தக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு அடுத்த பேருந்தில் ஏறினாள். பையை எடுக்க மறந்துபோனாள்; ஹாரன்தான் ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தான்.

* * *

புது அலுவலகத்தில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. பெயர்ப் பலகையில் வேறு பெயர். உள்ளே ஆறேழு பேர். அத்தனை பேர் மடியிலும் பை, அத்தனை பை மேலும் கை. ஓர் இளம் தம்பதி ஒரே பையை இருவரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரோரம் அதே கிழிந்த சோபா. அதில் சிலை.

நிதானம் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்காரக் குனிந்தார். வரவேற்பு மேஜைப் பெண் பதறி ஓடிவந்தாள்.

"மேடம், அங்க வேணாம்! ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு, குத்தும்."

"அவங்க உக்காந்திருக்காங்களே?"

"அவங்களுக்குப் பழகிடுச்சு மேடம். நீங்க இப்படி வாங்க."

உள்ளறையிலிருந்து கோட்டுப் போட்ட ஆலோசகர் வெளியே வந்தார். காதில் கருவி, உதட்டில் சிரிப்பு. அக்காவும் தம்பியுமா என்று விசாரித்து வரவேற்றார். இவர்களும் அக்கா, தம்பி என்றுதான் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"சொல்லுங்க சார், எந்த வழில போகலாம்? மாணவர் விசா இருக்கு, வேலை விசா இருக்கு, சுற்றுலா விசாவுல போய் அங்கயே மாத்திக்கற வழியும் இருக்கு. என்ன படிச்சிருக்கீங்க?"

"பெயிலாகற வரைக்கும் படிச்சேன்" என்றான் ஹாரன்.

"பரவாயில்லை, அனுபவம் காட்டிக்கலாம். சமையல் தெரியுமா?"

"சாப்பிடத் தெரியும்."

"போதும் சார், உதவி சமையல்காரர். கல்யாணம்?"

"பொண்ணு வீட்டுக்காரங்க யோசிச்சுட்டிருக்காங்க. நாலு வீட்டுல."

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆலோசகரும் சிரித்தார். அப்படிச் சிரிக்கும்போது அவருடைய வலது கை கோட்டின் இடது பக்கத்துக்குப் போய் வந்தது. நிதானம் அதைப் பார்த்தார்.

"பாஸ்போர்ட் கொண்டுவந்திருக்கீங்களா? இப்பவே கொடுத்துட்டா ஃபைல் போட்டுடலாம்."

"கொடுக்கலாம்" என்றார் நிதானம். "எங்க வெப்பீங்க?"

"எம்பசிக்கு அனுப்பிடுவோம் மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

ஆலோசகரின் சிரிப்பு அப்படியே நின்றது. நிதானம் சோபாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, கொஞ்சம் எழுந்திருங்க."

"உக்காருங்க!" என்று கத்தினார் ஆலோசகர். அந்தக் குரலில் மரியாதை இல்லை. இத்தனை காலம் பழைய ஆள் என்று கிடைத்த மரியாதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் கழன்று விழுந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"ஹாரன், அடி" என்றார் நிதானம்.

ஹாரன் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தான். தெருவில் ஒரு லாரியே ஒதுங்கி வழிவிட்டது என்று பிற்பாடு அவனே சொல்லிக்கொண்டான். படிகளில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர், வக்கீல், அவர்களை முந்திக்கொண்டு வெல்டர்.

ஹாரன் ரெக்சின் இருக்கையைப் பிடித்துத் தூக்கினான். அது மூடி மாதிரி திறந்தது. உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட் கட்டுகள். அட்டை அட்டையாக, செங்கல் அடுக்கியதுபோல.

அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"அலமாரியைச் சோதிப்பாங்க, மேஜை டிராயரைச் சோதிப்பாங்க" என்றார் நிதானம் இன்ஸ்பெக்டரிடம். "காத்துக்கிட்டு உக்காந்திருக்கற ஒரு பொம்பளையை எழுப்பி, அவங்களுக்குக் கீழ என்ன இருக்குன்னு யாரும் பாக்க மாட்டாங்க. ராத்திரி வண்டியை மறிச்சாலும் கிழிஞ்ச சோபாதான் தெரியும். கூட்டம் காட்டறதுக்கு இவங்களை உக்கார வெக்கலை. மூடிக்கு ஒரு பூட்டு வேணும்னு வெச்சாங்க."

ரொட்டிக் கம்பெனிப் பெண் சோபாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுக்கு மேலயா நான் இத்தனை நாளா..." என்றாள். 

வெல்டர் தரையில் மண்டியிட்டுக் கட்டுகளைப் பிரித்தார். ஒன்று, இன்னொன்று, கடைசிக் கட்டு.  வக்கீலும் கூடவே தேடினார்.

"இல்லை மேடம்" என்றார் வெல்டர்.  "என்னது இதுல இல்லை."

"சார், நான் சொன்னேனே, எம்பசிக்கு..." என்று ஆரம்பித்த ஆலோசகரின் கை மறுபடி கோட்டின் இடது பக்கத்துக்குப் போனது.

"உங்களுக்கு நெஞ்சு வலியா சார்?" என்று கேட்டார் நிதானம்.

"இல்லையே."

"நான் வந்ததுலேர்ந்து நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே இருக்கீங்க. இந்த ரூம்ல அப்படித் தொட்டுப் பாக்கற ஒரே பொருள் என்னன்னு எல்லாருக்கும் தெரியும்."

"டாக்டர் வேணாம், இன்ஸ்பெக்டர் போதும்" என்றான் ஹாரன்.

இன்ஸ்பெக்டர் கோட்டின் உள்பைக்குள் கைவிட்டார். ஓரம் தேய்ந்த ஒரு பாஸ்போர்ட் வெளியே வந்தது. புரட்டினார். பல வருடங்களின் விசா முத்திரைகள், பக்கத்துக்குப் பக்கம்.

"இப்படிப் போய்வந்த முத்திரை இருக்கற பாஸ்போர்ட்டுக்குத் தனியா ஆள் தேடுவாங்க" என்றார் வக்கீல். "படத்தை மாத்தி வேற ஒருத்தனை அனுப்பறதுக்கு. இன்னைக்கு யாரோ வாங்க வர்றதா இருந்திருக்கும்."

"வரட்டும். நாங்க உக்காந்திருக்கோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெல்டர் பாஸ்போர்ட்டை வாங்கினார். படத்தைப் பார்த்தார். பையில் போட்டார். வெளியே எடுத்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அது நீங்கதான், சந்தேகம் வேணாம்" என்றான் ஹாரன். "போய்த் தூங்குங்க. காலைல போகணும்."

"தூக்கமா? வராதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் படிகளில் தடதடவென்று இறங்கினார். மனைவியிடம் போனில் பேசும் குரல் கீழிருந்து கேட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வக்கீல் இன்னொரு பாஸ்போர்ட்டைக் கட்டிலிருந்து உருவி ரொட்டிக் கம்பெனிப் பெண்ணிடம் தரப் போனார். இன்ஸ்பெக்டர் அதை வாங்கி எண்ணைக் குறித்துக்கொண்டு நீட்டினார். படத்தில் இருந்த முகம் இப்போதைய முகத்தைவிடச் சதைப்பிடிப்பாக இருந்தது. வக்கீல் எட்டிப் பார்த்துத் தயங்கினார்.

"அம்மா, இது காலாவதி ஆயிடுச்சு. போன மாசத்தோட."

"அப்ப?"

"ஒண்ணும் பயமில்லை. புதுப்பிக்கலாம். தங்கச்சி அங்கேர்ந்து ஒரு அழைப்புக் கடிதம் அனுப்பினாப் போதும், பார்வையாளர் விசாவுக்கு நீங்களே நேரா விண்ணப்பிக்கலாம். நடுவுல ஏஜென்ட் வேணாம். பாஸ்போர்ட்டை யார்கிட்டயும் விட்டுட்டு வர வேணாம். நான் எழுதித் தர்றேன்."

அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். தலையாட்டினாள்.

"சரிங்கம்மா" என்றாள். "நான் எங்க வந்து உக்காரணும்?"

 நிதானம்தான் பதில் சொன்னார்.

"எங்கயும் உக்கார வேணாம். வீட்டுக்குப் போங்க."

நிதானம், ஹாரன், வக்கீல் மூவரும் அவளோடு தெருவுக்கு இறங்கினார்கள். பேருந்து நிறுத்தத்தில் கூட்டம். காலியான இருக்கை ஒன்று இருந்தது, அவள் உட்காரவில்லை. பையைத் தரையில் வைக்கப் போனவள் பாதியில் நிறுத்தி, தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் நடந்தாள், திரும்பி வந்தாள். பைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இருக்கா?" என்றான் ஹாரன்.

"இருக்கு" என்றாள்.

பேருந்து திருப்பத்தில் தெரிவதற்குள் மறுபடியும் ஒரு தடவை கைவிட்டுப் பார்த்தாள்.